ஆளுக்கொரு இலை

"சஹன் எங்க மச்சான்?"

பந்தி நடக்கும் கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டான் சுஹைப். உள்ளே நீள நீளமாக மேஜைகள். மேஜை மேல் ஆளுக்கொரு வாழை இலை.

"இந்தத் தடவை சஹன் இல்ல. இலைதான்" என்றார் ஜலாலுதீன். மணப்பெண் ஜன்னாவின் அத்தா. புதுப்பட்டினம் கடைத்தெருவில் இரண்டு பாத்திரக் கடைகள் வைத்திருப்பவர்.

"ஏன்?"

"மொதல்ல உக்காந்து சாப்புடு. அப்புறம் பேசலாம்."

சுஹைப் உட்காரவில்லை. அவன் ஜன்னாவின் தாய்மாமன். சிறுசேரியில் ஐடி கம்பெனியில் வேலை. ஊர்க் கல்யாணங்களில் அவனுக்குப் பிடித்ததே சஹன் சாப்பாடுதான். ஒரு பெரிய தாம்பாளம் நிறைய பிரியாணி. அதைச் சுற்றிப் பாயில் நாலு பேர். நாலு கையும் ஒரே தாம்பாளத்தில். முதலாளி, மூட்டை தூக்குகிறவர் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்லுவான். அதைக் காட்டுவதற்காகவே இன்றைக்கு நண்பர்கள் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தான்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"இன்னாபா, பாய் வூட்டுக் கல்யாணமா, ஓட்டலா இது?"

"ரெண்டாவது கடை தொறந்துட்டாரு இல்ல? இனிமே நம்ம கை பட்ட சோறு அவருக்கு எறங்குமா?"

"நாலு டப்பு சேந்தா சோத்துக்கும் வேலி போட்டுக்குவாங்கபா."

"காதுல வுழுதா மச்சான்?" என்றான் சுஹைப்.

"வுழுது."

"உங்க கல்யாணத்துல ஊரே சஹன்லதான் சாப்டுச்சுன்னு அக்கா சொல்லுவா. இன்னிக்கு ஏழையோட ஒரே தட்டுல கை வெக்க உங்களுக்குக் கூசுது. அதானே?"

ஜலாலுதீனின் முகம் சுருங்கியது.

"நான் கெளம்பறேன். தாய்மாமன் சாப்டாமப் போனான்னு ஊரே பேசட்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா பதருன்னிசா ஓடிவந்தாள்.

"டேய் சுஹைப், புள்ள அழுவுதுடா. மாமு சாப்டாமப் போனா நானும் சாப்ட மாட்டேன்னு உக்காந்துகினு கீது."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே கணவர் பக்கம் திரும்பினாள். "பத்து நாளா கெஞ்சினேன், இந்தப் பேரு நமக்கு வேணாம்னு. இன்னா காரணம்னு எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஜலாலுதீன் சுஹைபை மட்டும் உள்ளே தூணோரம் இழுத்துப் போனார்.

"மூணாவது வரிசையப் பாரு. அந்த மரக்கடை மொதலாளி பக்கத்துல."

காலர் நைந்த சட்டை. வெள்ளைத் தொப்பி. வயதானவர். தால்ச்சா வாளியோடு தாண்டிப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தி, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு அவரு?"

"அப்துல் அஹத் பாய். மையவாடியில மையத்துக்குக் குழி வெட்டுறவரு. உங்க அத்தாவுக்கும் அவருதான் வெட்டினாரு."

"அதுக்கும் சஹனுக்கும் இன்னா?"

"மூணு வருஷம் முந்தி, இதே மண்டபத்துல ஒரு கல்யாணம். இவரு ஒரு சஹன்ல வந்து உக்காந்தாரு. கூட மூணு பேரு. மையத்தோட பொழங்குற கைன்னு தோணிச்சோ இன்னாவோ, ஆளுக்கொரு சாக்கு சொல்லிட்டு மூணு பேரும் எழுந்துட்டாங்க. வேற யாரும் அங்க வந்து உக்காரல. நாலு பேரு சோத்த முன்னால வெச்சுகினு மனுசன் ஒத்தையா உக்காந்திருந்தாரு. ஒரு பருக்கை தொடல. பந்தி மொத்தமும் எழுந்தப்புறந்தான் அவரும் எழுந்தாரு."

சுஹைப் மூன்றாவது வரிசையை மறுபடி திரும்பிப் பார்த்தான்.

"அன்னிலேர்ந்து எந்தக் கல்யாணத்துக்கும் வருவாரு. துஆ முடிஞ்சதும் செருப்பத் தேடிப் போட்டுகினு போயிடுவாரு. கேட்டா, வயித்துக்கு ஒத்துக்கலம்பாரு. இன்னிக்கு ஆளுக்கொரு இலைன்னு தெரிஞ்சப்புறந்தான் உக்காந்தாரு."

"நீங்களே அவரோட ஒரு சஹன்ல உக்காந்திருக்கலாமே மச்சான்?"

"உக்காரலாம். பொண்ணோட அத்தாவுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு நாலு பேரு போன்ல படம் புடிப்பான். அவருக்குச் சோறு எறங்குமா சொல்லு. இப்ப பாரு, அவரும் அம்பது பேர்ல ஒருத்தரு. யாரும் அவரத் திரும்பிக்கூடப் பாக்கல."

உண்மைதான். மரக்கடை முதலாளி தன் இலையில் இருந்த எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பது யார் என்றே அவர் கவனிக்கவில்லை.

சுஹைபின் கண்கள் சிவந்தன. மச்சான் மேல் இருந்த கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"யாரு அந்த மூணு பேரு? எல்லாம் நம்ம ஆளுங்கதானே? இங்கதான் எங்கயாவது உக்காந்து சாப்ட்டுகினு இருப்பானுங்க. காட்டுங்க. சட்டையப் புடிச்சுக் கேக்கறேன்."

"வேணாம்டா. பொண்ணு கல்யாணம்."

"ஒருத்தன் பேராவது சொல்லுங்க மச்சான்."

ஜலாலுதீன் மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிக்காத போனக் காதுல வெச்சுகினு மொதல்ல எழுந்து போனவன் பேரு ஜலாலுதீன்."