பத்திரிகைக்கு ஒரு பார்டர்

"பார்டர் ரெடியாம்மா? அவங்க வந்துடுவாங்க, பேக பேக!" முதலாளி பசவராஜ் வாசலிலிருந்தே கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார்.

"ஆச்சு சார்" என்றாள் சொர்ணலதா. எதுவும் ஆகவில்லை.

தேவராஜ மொஹல்லா பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் அது. கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கறுப்பு டாஸ் திரையில் ஒரு வரி கட்டளை அடித்து என்டரைத் தட்டினால், அதுவாகவே ஒரு பூவோ கொடியோ பின்னிக் காட்டும். தட்டுகிற ஒவ்வொரு தடவையும் புதுசு. கட்டளையின் கடைசியில் ஒரு பெயர் கொடுத்தால்தான் படம் தங்கும். இல்லாவிட்டால் போனது போனதுதான்.

நேற்று வைத்யநாதனும் அவர் மனைவி வாலாம்பாளும் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார்கள். எதைக் காட்டினாலும் அவர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒரு இரட்டைக் கொடியைப் பார்த்து, "இதேதான்! ஒரு இலைகூட மாறப்படாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் படி இறங்கியதும் கரண்ட் போனது. அப்போதுதான் சொர்ணலதாவுக்கு உறைத்தது. பெயர் கொடுக்கவே இல்லை.

காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒன்று முள்வேலியாக வந்தது. ஒன்று ஜாங்கிரியாக வந்தது. அந்தக் கொடி மட்டும் வரவில்லை.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது? "இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குப் போயிடு" என்று போன வாரம்தான் எச்சரித்திருந்தார். கட்டட வேலையில் சாரம் சரிந்து கால் முறிந்த அப்பா வீட்டில் படுத்திருக்கிறார். இவள் வேலையில்தான் அடுப்பு எரிகிறது.

ஒருவழியாக அதே சாயலில் ஒன்று வந்தது. அதை அச்சிட்டு எடுக்கவும் அவர்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

வைத்யநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாலாம்பாளும் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இது நேத்திக்குப் பாத்தது இல்லையே! அதுல நடுவுல மொக்கு இருந்துதே!"

பசவராஜ் திரும்பினார். "ஏனம்மா இது?"

சொர்ணலதா வெளுத்த முகத்தோடு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நோக்கு என்ன தெரியும்?" வைத்யநாதன் மனைவி மேல் எரிந்து விழுந்தார். "செலக்ட் பண்ணினது நான். மொக்காவது மண்ணாவது! சார், இதேதான். அடிச்சுடுங்கோ."

வாலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தப்பித்தோம் என்ற நிம்மதி சொர்ணலதாவுக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. உள்ளதைச் சொன்ன பாவத்துக்கு அந்த அம்மாவுக்கு நாலு பேர் முன்னால் இப்படியா? என்ன மனுஷர் இவர்!

அவர் ஆட்டோ பிடிக்க முன்னால் போனதும், வாலாம்பாளின் பின்னாலேயே ஓடினாள் சொர்ணலதா.

"மாமி, நீங்க சொன்னதுதான் சரி. அந்தப் படத்தை நான்தான் தொலைச்சுட்டேன். என்னால நீங்க திட்டு வாங்கிட்டீங்க. மன்னிச்சுடுங்க மாமி."

வாலாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான்தான்டி கொழந்தே, யோசிக்காம வாயை விட்டுட்டேன். உன் மூஞ்சி வெளுத்துப்போனதைப் பாத்ததும் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, இன்னிக்குத்தான் மனுஷர் சட்டுனு புரிஞ்சுண்டார்!"