பரிசு பெற்ற ஓடை

"நயினார், அந்த எவர்சில்வர் குடத்தை மரியாதையாத் திருப்பிக் கொடுத்துடு."

மாட்டுங்கா ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வேங்கடசுப்ரமணியன் சத்தம் போட்டார். பின்னாலேயே குடையை மடக்கிக்கொண்டு அவர் மனைவி விஜயலக்ஷ்மி வந்தாள்.

தமிழ்ச் சங்கத்தின் மழைக்காலப் புகைப்படப் போட்டிக்கு அவர்தான் நடுவர். இந்த ஸ்டூடியோவில் பிலிம் கழுவும் நயினாருக்கு முதல் பரிசாக அந்தக் குடத்தைக் கொடுத்ததும் அவர்தான்.

பரிசு பெற்ற படத்தில், கொட்டும் மழையில் நுரைத்துக்கொண்டு இறங்கும் ஓடை. நடுவில் அசையாமல் ஒரு வட்டப் பாறை. பாறையில் ஒரு குழி. "ஆயிரம் வருஷமா தண்ணீர் அரிச்ச குழி! கண்டாலா மலை ஓடையைத் தவிர வேறே எங்கே பார்க்க முடியும்?" என்று மேடையில் உருகித் தள்ளினார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். அதே ஓடையைத் தானும் எடுக்க ஆசைப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை புதுக் காமிராவும் மனைவியுமாகக் கண்டாலாவுக்கு ரயிலேறினார். அடைமழை. வழுக்கி விழுந்து எழுந்து தேடியும் பாறை அகப்படவில்லை. காமிராவுக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம்.

"எங்கே எடுத்தே அந்தப் படத்தை?"

"இங்கதான், கோவண்டிப் பக்கம் சார். அங்கன ஒரு குன்று இருக்கு. மழை பேஞ்சா தண்ணி எறங்கும்."

"கோவண்டியா? அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"படத்தை முதலாளிதான் அனுப்பினாரு சார். கண்டாலான்னு நீங்கதான் சொன்னீங்க. குடம் குடுத்தாங்க, நானும் பேசாம வாங்கிக்கிட்டேன்."

"கோவண்டிச் சாக்கடைக்குப் பரிசு கொடுத்தவன்னு ஆபீஸே சிரிக்கப்போறது. எடு குடத்தை."

"சாயங்காலம் கொண்டாரேன் சார். வீட்டுக்கு அதுலதான் தண்ணி புடிச்சு வச்சிருக்கு."

வேங்கடசுப்ரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேட்டியா விஜயம்? பரிசுக் குடத்திலே குழாய்த் தண்ணி பிடிக்கிறானாம்! அலமாரியிலே வச்சுப் பார்க்க வேண்டிய பொருள். இவனுக்கெல்லாம் கலையாவது ஒண்ணாவது!"

விஜயலக்ஷ்மி காதில் அது விழவில்லை. சுவரில் மாட்டியிருந்த பரிசுப் படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏன்னா, இதையா மலை பூரா தேடினேள்?"

"ஆமா. அந்தப் பாறையைத்தான்."

"பாறையா? இதிலே அரைச்ச மாவிலேதானே தினம் இட்லி சாப்பிடறேள். இது ஆட்டுக்கல்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆட்டுக்கல்தான்.

"ஆட்டுக்கல் எப்படிப்பா ஓடைக்கு நடுவிலே வந்தது?" என்று விஜயலக்ஷ்மி கேட்டாள்.

நயினார் கழுவிய பிலிமைக் கொடியில் மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"அது எங்கயும் வரலம்மா. எங்க அடுப்படியிலதான் இருக்கு. கல்யாண வீட்டுல படம் எடுத்துட்டு முதலாளி காமிராவோட வீட்டுக்குப் போறேன், வீட்டைக் காணும். புள்ளைங்கள எம் பொஞ்சாதி முன்னாடியே தூக்கிட்டு ஓடிட்டா. தட்டி, பானை, சட்டி, குடம் எல்லாத்தையும் தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு, குழவிகூட உருண்டு போச்சு. அந்தக் கல்லு ஒண்ணுதான் கனம், நின்னுட்டு. நம்ம வீடு இருந்த எடம்னு ஒரு அடையாளத்துக்குப் படம் எடுத்து வச்சேன்."