மிஸ்டர் ஆலிவருக்குத் துருக்கி தெரியாது

சிரிங்கடா, நல்லா சிரிங்க. பள்ளிக்கூடச் சுவரேறிக் குதிச்சு ஓடினவன் இங்கிலீஷ் வாத்தியாரா, அதானே? டேய் ஓர்ஹான், டீயை மூக்கு வழியா விடாத. மெதுவா சிரி, அங்க சீட்டு விளையாடற மேசையில எங்கப்பா இருக்கார்.

வாத்தியார் மட்டுமில்லடா. நான் இப்போ இங்கிலாந்துக்காரன் வேற.

கைசேரியில ஒரு தனியார் பள்ளிக்கூடம். நம்ம ஊர்க் கடற்கரையில படகுச் சவாரிக்கு வெள்ளைக்காரங்களைக் கூவிக் கூவிக் கூப்பிட்ட என் இங்கிலீஷைக் கேட்டார் அதோட முதலாளி ஷாஹின். என் செம்பட்டைத் தலையை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். வாத்தியார் வேலைன்னு கைசேரிக்கு வரச் சொல்லிட்டு, அங்க போய் இறங்கினதும்தான் கேட்டார்.

"உன் பேரென்ன?"

"துன்ஜாய்."

"இனிமே ஆலிவர். ஊர் மான்செஸ்டர். துருக்கி பாஷையில ஒரு வார்த்தைகூட உனக்குத் தெரியாது. மாட்டிக்கிட்டா அன்னைக்கே மூட்டையைக் கட்டு."

தலையாட்டினேன். ஏன்னா எங்கப்பா அதுக்குள்ள ஊர் பூரா 'என் பையன் வாத்தியாராயிட்டான்'னு சொல்லி முடிச்சிருந்தார். உருப்படமாட்டான்னு சொன்ன அதே வாயால! அந்தப் பெருமையைத் திரும்பப் பிடுங்க எனக்கு மனசு வரலை.

ரெண்டாங்கிளாஸ் வாண்டுங்க. நான் "திஸ் இஸ் வாட்டர், திஸ் இஸ் சீஸ்"னு தொண்டை கிழியக் கத்துவேன். அதுங்க துருக்கியில என் முகத்துக்கு நேராவே ஆரம்பிக்கும்.

"தலையைப் பாருடா, வேகவெச்ச கேரட்டு!"

"நடக்கறது வாத்து மாதிரியில்ல?"

"வாத்து கோவிச்சுக்கப் போவுது!"

முன் பெஞ்சு நெஹிர்தான் எல்லாத்துக்கும் தலைவி. முன் பல்லு ரெண்டும் கிடையாது, வாய் மட்டும் காது வரைக்கும். "இது முதலாளியோட பழைய கோட்டுதானே? குளிக்கும்போதாவது கழட்டுவாரா?"

நான் என்ன சொல்லணும்? "வெரி குட், நெஹிர்!"

பதிலடி நாக்கு நுனியில வந்து நிக்கும்டா. கடிச்சுக் கடிச்சு உதடே வீங்கிப்போச்சு.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. இவ்வளவு பேசற பசங்க, இங்கிலீஷ்ல ஒத்தை ஒத்தை வார்த்தைக்கு மேல வாயைத் திறக்க மாட்டாங்க. முழு வாக்கியம்? ம்ஹும்.

போன வாரம் பெத்தவங்க வந்து பார்க்கற நாள். வகுப்புல காலைச் சாப்பாட்டு மேசை போட்டோம். ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி. நெஹிரோட அம்மா பெரிஹானுக்கு என்மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகக் கண்ணு.

"ஷாஹின் சார், இவரு எங்க த்ராப்சோன் ஊர் மச்சான் மாதிரியே இருக்காரே?"

"சேச்சே, சுத்தமான மான்செஸ்டருங்க!"

நெஹிர் எங்கிட்ட ரொட்டித் தட்டை நீட்டினா. ஒரு துண்டு நழுவித் தரையில விழுந்தது.

நம்ம வீட்ல ரொட்டி கீழ விழுந்தா என்னடா செய்வோம்? எங்கம்மா மண்டையில குட்டிக் குட்டிப் பழக்கினது. கை தானாப் போச்சு. எடுத்தேன். முத்தம் கொடுத்தேன். நெத்தியில வெச்சேன்.

அப்புறம்தான் உறைச்சுது.

பெரிஹான் எழுந்துட்டாங்க. "ஏங்க, மான்செஸ்டர்லயும் ரொட்டிக்கு முத்தம் கொடுப்பாங்களோ?"

முதலாளி முகம் சுண்ணாம்பாச்சு. எனக்கு அப்பாதான் கண்ணுல தெரிஞ்சார், அவமானத்துல இதே டீக்கடைக்குள்ள வர முடியாம வாசல்ல நிக்கற மாதிரி.

திடீர்னு நெஹிர் நாற்காலி மேல ஏறினா. "டீச்சர் நோ டர்கிஷ்! வி டீச் டீச்சர்! பிரெட் ஃபால், கிஸ்!"

பின்னாலயே மொத்த கிளாஸும்: "வி டீச் டீச்சர்!"

யார் எனக்குக் கத்துக்கொடுத்தது? எப்போ? நான் இதுங்களுக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லித்தரவும் இல்லையே!

"என் பொண்ணு இங்கிலீஷ் பேசறா!" பெரிஹான் கண்ணுல தண்ணி. எல்லாரும் கைதட்டறாங்க. முதலாளி நெஞ்சை நிமித்திக்கிட்டார்.

எல்லாரும் டீ குடிக்க வெளிய போனதும் நெஹிரை ஓரமாக் கூப்பிட்டேன். "வொய், நெஹிர்?"

அவ கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கிட்டா. துருக்கியில சொன்னா: "யாருமில்ல. நம்ம பாஷையிலயே பேசுங்கண்ணே."

காத்து போன டயர் மாதிரி ஆயிட்டேன்டா.

"எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. கடைசி பெஞ்சு தோருக் ஒரு கழுதை ஜோக் சொன்னான்ல? நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. முதுகு குலுங்கிச்சு."

"அப்போ அந்தக் கேரட்டு, வாத்து, கோட்டு..."

"போட்டி. யார் உங்களை மறுபடி சிரிக்க வைக்கறாங்களோ அவங்களுக்கு எல்லாரோட சாக்லேட்டும். நீங்கதான் சிரிக்கவே மாட்டேங்கறீங்க."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்கல்ல?"

சொல்லிட்டு ஓடினவ, வாசல்ல நின்னா. முகம் சின்னதாயிடுச்சு.

"பொய் சொன்னா வாயில மிளகாய் தேய்ப்பேன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவங்ககிட்ட நான் பொய் சொன்னதே இல்லை. இதுதான் முதல் தடவை. இது தப்பில்லைல்ல, டீச்சர்?"

நான் குனிஞ்சு மேசைக்கடியில சிந்தின ரொட்டித் துணுக்கைப் பொறுக்க ஆரம்பிச்சேன்.

இப்போ சிரிங்கடா பார்ப்போம். அந்தப் புள்ள வாயிலேருந்து வந்த முதல் முழு இங்கிலீஷ் வாக்கியம் ஒரு பொய். பொய் சொல்லக் கத்துக்கொடுத்த வாத்தியார் நான்தான்.