பூச்சு மேல் பூச்சு

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் சவரிமுத்து தன் கையாலேயே ஒரு பைபர் படகு செய்தார். அது கடலில் பறக்கவேண்டும் என்பது அவர் ஆசை. சின்னக் குழி தெரிந்தாலும் தேய்த்து, பைபர் துணி ஒட்டி, மறுபடி ரெசின் பசை பூசுவார்.

"இவரு எப்பத்தான் என்னை விடுவாரு?" என்று அலுத்துக்கொண்டது படகு.

மூலையில் காத்துக்கிடந்த இன்ஜின் சொன்னது: "நீ கனத்துக்கிட்டே போற. நான்தானே உன்னைத் தள்ளணும்?"

"நானா பூசச் சொன்னேன்?"

ஒருவழியாகப் படகு கடலில் இறங்கியது. இன்ஜின் உறுமியது, பிறகு திணறியது. கரைக்குத் திரும்பும்போது, மீன் பாரத்தோடு வந்த கிழட்டு மர வள்ளம் ஒன்று அவர்களை முந்திப் போனது. சவரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மானமே போச்சு," என்றது இன்ஜின்.

"போகட்டும்," என்றது படகு. "இங்க யாரும் என்னைத் தேய்க்கல."