கழுத்துப் பொத்தான்

"பாதர் பூட்டிட்டுப் போயிட்டாரு" என்றார் திருநாவுக்கரசு, கதவின் கைப்பிடியை விட்டுவிட்டு. அவரோடு சேர்த்து ஆசிரியர் அறையில் ஏழு வாத்தியார்கள் அடைபட்டிருந்தார்கள்.

திருநாவுக்கரசு தேகப்பயிற்சி வாத்தியார். அவர் தோளைக் கொடுத்து முட்டினால் பினாங்குத் துறைமுகத்துக் கப்பல் அக்கரைக்கே போய் நிற்கும். அப்பேர்ப்பட்ட தோளுக்கும் அந்தக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

பால்ராஜ் கதவைவிட்டு இரண்டடி பின்வாங்கினார். காரணம், கல்லூரித் தலைவரான பாதரின் மேசையில் அன்று காலை கிடந்த மொட்டை மனு. 'இந்தப் பினாங்கு வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு பாடம் நடத்த முடியாது, கோட்டுச் சட்டத்தை எடுக்க வேண்டும்' என்று எழுதி வைத்தவர் பால்ராஜ்தான். மற்ற ஆறு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். கையெழுத்து என்றதும் ஆறு பேனாவிலும் மை தீர்ந்துவிட்டது.

எழுதியது யாரென்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் கல்லூரி கொடுத்த வீடும் போகும். அந்த வீட்டில் மனைவி அமலம்மாளுக்கு இது நிறைமாதம்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் வகுப்பு விட்டதும் பாதர் கல்லூரிச் செய்தி வாசிப்பார். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் கற்றவர். ஆனால் அவர் வாசிப்பைக் கேட்டால் தண்ணீர்மலைக் குரங்குகூடக் கொட்டாவி விடும். கண்ணைத் திறந்தபடியே தூங்குவதில் ஏழு பேரும் பட்டம் வாங்கியவர்கள்.

பால்ராஜின் காதில் அன்றைக்கு ஒன்றிரண்டுதான் விழுந்தன. சாக்பீஸ் பெட்டியைக் குரங்கு தூக்கிப் போனது, வராந்தாப் பக்கம் திறந்தால் சாரல் அடிக்கிறதென்று கதவுகளுக்குக் கீல் மாற்றியது, விடுதிச் சமையல்காரருக்குக் கால்வீக்கம் வற்றியது. அதற்கு மேல் சுகமாகத் தூங்கிவிட்டார். விழித்தபோது பாதர் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தார்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. இடுப்புச் சாவிக்கொத்தின் கிலுகிலுப்பு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய், மறுபடி இந்தக் கோடிக்கு வந்தது.

"காவல் சுத்துறாரு" என்று கிசுகிசுத்தார் சரித்திர வாத்தியார் பாக்கியநாதன். "எழுதின ஆளு பேரு தெரியாம விடமாட்டாருலா."

"சும்மா ஜெபம் சொல்லிக்கிட்டு நடக்கிறாரோ என்னவோ" என்றார் பால்ராஜ், நப்பாசையோடு.

"நமக்குத்தான் சொல்றாரு. கடைசி ஜெபம்."

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கீழே வாசலில் காவல்காரன், ஜாகா கமாலுதீன் நின்றான். சத்தம் போடப் பயந்து ஏழு பேரும் கம்பிக்கு வெளியே கையை விட்டு வீசினார்கள். அவனும் மரியாதையாகக் கையை வீசிக் காட்டிவிட்டு, டிராம் மணி கேட்டதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

அறை கொதித்தது. சாவித் துவாரத்தில் பாதரின் கண் இருக்குமோ என்று ஒருவரும் ஒரு பொத்தானைக்கூடத் தளர்த்தவில்லை. பாக்கியநாதனின் மீசை மெழுகு உருகி மோவாய்க்கு இறங்கியது. அந்த ஏழு கோட்டையும் பிழிந்தால் ஜார்ஜ் டவுன் முழுக்க ஒரு வாரம் குளித்திருக்கலாம்.

திருநாவுக்கரசு மறுபடி கைப்பிடியைத் திருகித் தள்ளினார். ஏழு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு முனகியதே தவிர வழிவிடவில்லை.

"பால்ராஜ் அண்ணே" என்றார் பாக்கியநாதன், குரலில் தேன் ஒழுக. "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆறு குடும்பம் பொழைச்சுக்கும்."

"ஏன்யா, எழுதுங்கண்ணே, நாங்க பின்னால நிக்கிறோம்னு சொன்னது யாரு?"

"இப்பவும் பின்னாலதானே நிக்கிறோம்."

பால்ராஜ் திரும்பிப் பார்த்தார். நின்றார்கள்தான். ஆறு பேரும் வரிசையாக அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள்.

சாவிக்கொத்து நெருங்கி வந்தது. பால்ராஜுக்கு அமலம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது; மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் பிள்ளையும் கையுமாக அவள் நிற்பதுபோல் இருந்தது. கதவில் மூக்கு இடிக்கும்படி நெருங்கி நின்றார்.

"பாதர், மனு எழுதினது நான்தான். வெயில்ல புத்தி கெட்டுப் போச்சு. கோட்டு இல்லேன்னா வாத்தியாருக்கு ஏது மரியாதை? கோட்டுதான் பாதர் என் உசிரு. குளிக்கறப்பகூடக் கழட்ட மனசு வர்றதில்ல."

"எங்களுக்கும் அப்படித்தான் பாதர்" என்றன பின்னாலிருந்து ஆறு குரல்கள், ஞாயிறு பூசைப் பாட்டுபோல ஒரே சுருதியில்.

செருப்புச் சத்தம் நின்றது.

கதவு திறந்தது, உள்பக்கமாக. பால்ராஜின் மூக்கில் இடித்துக்கொண்டுதான் திறந்தது. பாதர் ஒற்றை விரலால் அதைத் தள்ளியிருந்தார். மறு கையில் ஜெபப் புத்தகம்.

திருநாவுக்கரசு பளபளத்த புதுக் கீலைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

"இன்னுமா நீங்க வீட்டுக்குப் போகலே?" என்றார் பாதர். ஈரம் சொட்டிய ஏழு கழுத்துப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"திங்கக்கிழமையிலேருந்து கோட்டு வேண்டாம்னு செய்தியிலே வாசிச்சேனே. ஒரு முகமும் மலரலியேன்னு அப்பவே நினைச்சேன். இப்பத்தான் உங்க மனசு புரியுது, பால்ராஜ் மாஸ்டர்."

பால்ராஜின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது.

பாதர் அவர் தோளில் அன்போடு தட்டினார்.

"சரி, கோட்டே இருக்கட்டும்."