முதல் வளைவு

கட்டைவிரலை அசைத்தால் நுனி வளையும்படி, மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கும் கருவியைச் செண்பகா வடிவமைத்திருந்தாள். சோதனைப் பொம்மையின் ரப்பர் தொண்டையை, இறந்துபோன கணவனின் ஸ்கேன் படத்தைக் கொண்டே வார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் இறந்த அன்று ஆபரேஷன் தியேட்டரில் அவனுக்கு டியூப் இறக்க முடியாமல் தோற்ற டாக்டர் ரஹீம்தான் சோதித்துப் பார்க்க வந்திருந்தார். முதல் வளைவிலேயே அது யாருடைய தொண்டை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலை அசைத்தார். நுனி மெல்லத் திரும்பி உள்ளே நழுவியது. டியூபில் காற்றுப்பையை மாட்டி அழுத்தினார். பொம்மையின் மார்பு உயர்ந்தது.

செண்பகா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சரியா இறங்கிடுச்சும்மா, போதும்," என்றார் ரஹீம்.

மார்பு தாழ்ந்தது.

"நிறுத்தாதீங்க டாக்டர்," என்றாள். "அமுக்கிக்கிட்டே இருங்க."