வாசலில் எரிந்த கொடும்பாவி

“தொழிலாளியை மறந்த எம்.எல்.ஏ. சாமிக்கண்ணு ஒழிக!”

கோஷம் கேட்டதும் அமிர்தவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிகள். முன்னால் நின்று கத்தியவள் கலியம்மாள். போன வாரம்கூட இந்த வீட்டில் கை நனைத்துவிட்டுப் போனவள்.

அமிர்தவல்லிக்கு வயிறு எரிந்தது. இவர்களுக்காக ஆலை கேட்டில் சங்கக் கொடி பிடித்து, லத்தியடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், அப்புறம் எம்.எல்.ஏ. ஆனவர் அவள் புருஷன். அந்த அடிக்கெல்லாம் ஒத்தடம் கொடுத்தவள் அவள்.

“கலியம்மா! தின்ன சோறு அதுக்குள்ள செரிச்சுப் போச்சாடி?”

கலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அடுத்த ‘ஒழிக’ முன்னைவிடப் பலமாக வந்தது.

உள்ளே சாமிக்கண்ணு நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, காதுல விழலையா? இவங்களுக்காக எத்தனை தடவை மெட்ராஸுக்கு நடந்தீங்க! அதைப் போய்ச் சொல்லுங்க.”

“நடந்து என்னத்தைக் கிழிச்சேன்? வேலை கிடைச்சுதா?”

“பெரம்பலூர் டிவிக்காரங்கல்லாம் வந்துட்டாங்க. மானம் கப்பலேறுது. அடுத்த தடவை சீட்டு குடுப்பாங்களா உங்களுக்கு?”

“குடுக்கலைன்னா பழையபடி ஆலை கேட்டுக்குப் போயிடறேன்.”

நல்ல மனுஷன்தான். ஆனால் இப்படியா மரத்துப் போவது?

வேட்டி சட்டையோடு ஒரு வைக்கோல் பொம்மையைத் தூக்கி வந்தார்கள். பெண்கள் துடைப்பத்தால் மொத்தினார்கள். கலியம்மாள் தீக்குச்சியைக் கிழித்தாள். கொடும்பாவி குபுகுபுவென்று எரிந்தது. அமிர்தவல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் சாமிக்கண்ணுவின் போன் அடித்தது. அமைச்சர்.

“டிவியில பாத்தீங்களாய்யா? ‘உங்க தொகுதி அமைதியாத்தானே இருக்கு, என்ன அவசரம்’னீங்களே... ஆமாங்கய்யா, தலை காட்ட முடியலை. நாளைக்கே பேச்சுவார்த்தையா? ஆலைக்காரங்களையும் கூப்பிட்டாச்சா? ரொம்ப நன்றிங்கய்யா... அடுத்த தேர்தலா? அது தலைமை பாத்து முடிவு பண்ணட்டுங்கய்யா.”

போனை வைத்துவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. பாத்திரம் கழுவக் கொல்லைப் பக்கம் போன அமிர்தவல்லி திடுக்கிட்டு நின்றாள். அங்கே கலியம்மாள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் என்னடி வேணும்? அதான் எரிச்சாச்சே!”

“‘என் சட்டையையே போடுங்க, அப்பத்தான் டிவியில நான்னு தெரியும்’னு அண்ணந்தான் நேத்துக் கழட்டிக் குடுத்தாரு. கொளுத்தறப்பத்தான் எனக்குக் கை கூசிப் போச்சுக்கா.”